ஏலச் சந்தையும் சொந்தக் கடையும்

வாணிகத்தில் பொருள் நல்லதாக இருப்பது ஒரு பாதி. அது கிடைக்கும் இடம் மக்களுக்குத் தெரிந்திருப்பது மற்றொரு பாதி. ஊரின் ஒதுக்குப்புறத்தில், ஒரு சிறு சந்துக்குள், நல்ல சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும் கடைக்காரர் என்ன செய்கிறார்? வாரச் சந்தை கூடும் நாளில் சரக்கில் ஒரு பகுதியை மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்குச் செல்கிறார். சுங்கம் செலுத்தி, விரிப்பை விரித்து, கடை போடுகிறார். அன்றைய விற்பனையால் வரும் ஆதாயம் மட்டும் அவர் நோக்கமன்று. இவரிடம் நல்ல சரக்குக் கிடைக்கும் என்று நாலு பேர் அறிந்து திரும்ப வேண்டும் என்பதும் அவர் எண்ணம்.

இன்று கடைகள் பல இணையத்தில் திறக்கப்படுகின்றன. தையல் வேலை தெரிந்த பெண்ணும், பழைய நூல்களைச் சேர்த்து விற்கும் இளைஞரும், சில நாள் உழைப்பில் தமக்கென ஓர் இணையக் கடையை அமைத்துவிட முடிகிறது. ஆனால் அந்தக் கடையும் சந்துக்குள் இருக்கும் கடையைப் போன்றதே; அதன் முகவரி தெரிந்தவர் மட்டுமே அங்கு வருவர். கடைகளைப் போலவே சந்தைகளும் இணையத்திற்கு வந்துவிட்டன. அவற்றுள் ஒரு வகை ஏலச் சந்தை. ஏலச் சந்தையில் பொருள்களை வைப்பதன் வாயிலாக ஒரு சிறு வணிகர் தம் சொந்தக் கடையைப் பலர் அறியச் செய்வது எப்படி? அதில் எது முறை, எது முறையன்று? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

ஏலம் என்ற சொல்லே கடல் கடந்து வந்தது. போர்த்துக்கீசிய மொழியின் 'லெய்லாவ்' என்னும் சொல் நம் கடற்கரைத் துறைமுகங்களில் புழங்கி, நம் நாவிற்கேற்ப 'ஏலம்' என மாறியது என்று அகராதி கூறும். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆக்ஷன்' என்ற சொல்லோ, பெருகுதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கேட்போர் கேட்கக் கேட்க விலை பெருகுவதால் அப்பெயர் பொருத்தமே. இலண்டன் நகரில் சோதபீஸ் என்னும் ஏல நிறுவனம் 1744ஆம் ஆண்டிலும், கிறிஸ்டீஸ் நிறுவனம் 1766ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்ற குரல் நம் ஊர்களிலும் புதியதன்று. ஆயினும் அந்த ஏலங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேட்பவர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். இணையம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது.

1995ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பியர் ஓமிட்யார் என்னும் 28 வயதுப் பொறியாளர் ஓர் இணைய ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் அன்று இட்ட பெயர் 'ஆக்ஷன்வெப்' என்பது. 1997இல் அது 'ஈபே' என்னும் பெயர் பெற்றது. அதில் முதன்முதல் விலைபோன பொருள் எது தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுகோல். அது பழுதுபட்டது என்பதை ஓமிட்யார் மறைக்கவில்லை. 14.83 டாலருக்கு ஒருவர் அதனை ஏலத்தில் எடுத்தார். 'இது வேலை செய்யாது என்பதை அறிவீரா?' என்று ஓமிட்யார் அவரிடம் கேட்டபோது, பழுதுபட்ட சுட்டுகோல்களைச் சேர்ப்பதே தமக்கு விருப்பம் என்று அவர் விடை கூறினாராம். இச்சிறு நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. உலகில் எந்தப் பொருளுக்கும் எங்கோ ஒரு விருப்பக்காரர் இருக்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடித்துத் தரும் ஆற்றல் பெருஞ்சந்தைக்கு உண்டு. அடுத்து, குறையை ஒளிக்காமல் சொன்னாலும் பொருள் விற்கும்.

இந்த ஏலம் நடைபெறும் முறையைச் சற்றுக் காண்போம். ஏலம் பெரும்பாலும் சில நாள்கள் நீடிக்கும். ஈபேயில் 1, 3, 5, 7, 10 நாள்கள் என விற்பவர் தெரிந்துகொள்ளலாம். கேட்பவர் எந்நேரமும் விழித்துக் காத்திருக்க வேண்டுவதில்லை. தாம் தரக்கூடிய மிக உயர்ந்த தொகையை இரகசியமாகக் குறித்துவிட்டால், அவர் சார்பில் இயந்திரமே கேட்கும். ஒரு பொருளுக்குத் தொடக்க விலை 5 டாலர் என்று கொள்வோம். முதலாமவர் தம் உச்ச வரம்பாக 20 டாலரையும், இரண்டாமவர் 35 டாலரையும் குறித்துள்ளனர். பொருள் இரண்டாமவருக்கே போகும். ஆனால் அவர் 35 டாலர் தர வேண்டுவதில்லை. முதலாமவரின் வரம்பிற்கு மேல் ஒரு படி, அதாவது 20.50 டாலர் தந்தால் போதும். உச்சத் தொகை கேட்டவர் இரண்டாவது தொகையையே செலுத்தும் ஏலத்தின் இயல்பை, இணையம் தோன்றுமுன்பே, 1961ஆம் ஆண்டில் வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து எழுதினார். அத்தகைய ஏலத்தில் தம் மனத்திலுள்ள உண்மையான மதிப்பைக் கூறுவதே கேட்பவருக்கு நலம் என்று அவர் காட்டினார். 1996இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி நம் வினாவிற்கு வருவோம். ஒரு சிறு வணிகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் படம் அச்சிட்ட பழைய அஞ்சலட்டைகளைத் திரட்டி விற்பவர். தமக்கென ஓர் இணையக் கடை வைத்திருப்பவர். அவர் எல்லா அட்டைகளையும் ஏலத்தில் விடலாமா? கூடாது. பலரிடமும் கிடைக்கும் அட்டையின் விலை ஊரறிந்தது. அதற்கு ஏலம் வேண்டியதில்லை. அரிய அட்டையின் விலையோ எவருக்கும் தெரியாது. அதை விரும்புவோர் இருவர் எதிர்ப்பட்டால்தான் அதன் மதிப்பு வெளிப்படும். ஆகவே அரியனவற்றை ஏலத்திலும், எளியனவற்றைக் கடையில் நிலையான விலையிலும் வைப்பதே அறிவுடைமை. அரிய பொருள் கூட்டத்தை அழைக்கும். எளிய பொருள்கள் கடையை நடத்தும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஓர் அட்டையைப் பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்கே அது கிடைக்கும். எஞ்சிய ஒன்பதின்மர் யார்? அத்தகைய பொருளை விரும்புவோர். அதற்குப் பணம் தர முன்வந்து, கிடைக்காமல் திரும்பியோர். ஒரு வணிகருக்கு இவர்களைக் காட்டிலும் நல்ல வாடிக்கையாளர் வேறு எவர் அமைவர்? அவர்களுள் சிலராவது இவரிடம் வேறென்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பர். அவ்வாறு தேடும்போது ஒத்த வகைப் பொருள்கள் அங்கு இருத்தல் வேண்டும். இன்று அஞ்சலட்டை, நாளை கைக்கடிகாரம், மறுநாள் பொம்மை என்று கண்டதையெல்லாம் ஏலம் விடுபவர் பணம் ஈட்டலாம். வாடிக்கையாளரை ஈட்ட முடியாது.

விற்பனை அறிவிப்பை எழுதுவது ஒரு கலை என்பர். உண்மையில் அது ஓர் ஒழுங்கு. ஈபேயில் தலைப்பிற்கு 80 எழுத்திடங்களே உண்டு. 'அற்புதம், அரிய வாய்ப்பு, தவற விடாதீர்' என்று அவற்றை நிரப்புவது வீண். அவ்வாறு எவரும் தேடுவதில்லை. ஊரின் பெயர், ஆண்டு, அச்சிட்டவர் பெயர், பொருளின் நிலை ஆகியவையே தேடுவோர் கையாளும் சொற்கள். படமும் அவ்வாறே. அட்டையின் முகப்பை மட்டும் காட்டாமல் பின்புறத்தையும், மூலை மடிந்திருந்தால் அந்த மடிப்பையும் காட்ட வேண்டும். தொடக்க விலையைக் குறைத்து வைத்தால் பலர் கேட்கத் தொடங்குவர். ஆனால் ஒருவர் மட்டுமே வந்தால் பொருள் அந்தக் குறைந்த விலைக்கே போய்விடும். இழக்க மனமில்லாத பொருளுக்கு இழக்க முடியாத விலையைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நேர்மையும் எளிமையும் ஆகும். ஏலம் முடியும் நேரமும் கருதத்தக்கது. பலர் இறுதி நிமிடங்களிலேயே கேட்கின்றனர். ஆதலால், வாங்குவோர் வேலையில் மூழ்கியிருக்கும் பொழுதில் ஏலம் முடிவது நன்றன்று. அவர்கள் வீட்டில் ஓய்ந்திருக்கும் பொழுதே ஏற்றது.

சிலர் ஆதாயமின்றியும், சிறு நட்டத்திலும் ஏலம் விடுவதுண்டு. அந்த நட்டத்தை விளம்பரச் செலவாகக் கருதுவர். இது தவறன்று, ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 20 ஏலங்களில் ஒவ்வொன்றிலும் அரை டாலர் நட்டமானால் மொத்தம் 10 டாலர். அவற்றின் வாயிலாக 4 பேர் புதிய வாடிக்கையாளர் ஆனால், ஒருவரைப் பெற 2.50 டாலர் செலவாயிற்று. அவர் ஒவ்வொருவராலும் ஓராண்டில் 3 டாலர் ஆதாயம் வருமாயின் 12 டாலர் கிடைக்கும். விளம்பரம் பயன் தந்தது. 2 பேரே வந்தால் 6 டாலர்தான். விளம்பரம் கையைக் கடித்தது. இந்த எளிய கணக்கைப் போடாமல், கூட்டத்தைக் கண்டு மகிழ்பவர் நெடுநாள் வாணிகம் செய்வதில்லை.

இப்போது ஒரு சிக்கலான இடத்திற்கு வருகிறோம். 'ஏல அறிவிப்பிலேயே என் கடையின் முகவரியை எழுதிவிட்டால் என்ன? எல்லாரும் நேரே அங்கு வந்துவிடுவார்களே!' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். ஈபே அதற்கு இடம் தருவதில்லை. வெளிக்கடைக்கு இட்டுச்செல்லும் இணைப்பு, தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை விற்பனை அறிவிப்பில் தருவதை அதன் விதிகள் தடுக்கின்றன. தொடக்க ஆண்டுகளில், விற்பவர் தம்மைப் பற்றி எழுதும் ஒரு தனிப் பக்கத்திலிருந்து தம் கடைக்கு வழி காட்ட இடமிருந்தது. பின்னர் விதிகள் இறுகின. 2017இல் வெளி இணைப்புகள் மீதான கட்டுப்பாடு மேலும் வலுப்பெற்றது.

இது கொடுமையான விதி என்று சொல்வோர் உளர். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஊர்ச் சந்தையில் சுங்கம் கடைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாங்கப்படுகிறது. சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் சந்தைக்காரருக்கு உரியது வந்துவிடும். ஆகவே நீங்கள் உங்கள் கடைக்கு வழி சொன்னால் அவருக்கு இழப்பில்லை. இணையச் சந்தையோ பெரும்பாலும் விற்ற தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுகிறது. கூட்டத்தைக் கூட்டியவர், பணத்திற்குக் காவல் செய்தவர், பூசல் எழுந்தால் தீர்த்து வைப்பவர் அவர். அவர் கூட்டிய மக்களை அவர் வாசலில் நின்றுகொண்டே வேறிடத்திற்கு அழைத்துச் செல்வது, கட்டணம் கொடாமல் கடை போடுவதற்கு ஒப்பாகும். அது மட்டுமன்று, சந்தைக்கு வெளியே பணம் செலுத்தி ஏமாந்தவருக்குச் சந்தையின் காப்பும் கிடைக்காது. எனவே இவ்விதி வாங்குவோருக்கும் ஒரு வேலியாகிறது.

அப்படியானால் முறையான வழிகள் யாவை? முதலாவது, சந்தைக்குள்ளேயே கடை. 2001ஆம் ஆண்டில் ஈபே, விற்பவர் தம் பெயரில் கடை முகப்பு அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஏல அறிவிப்பைக் கண்டவர் அங்கிருந்து அக்கடைக்குச் செல்வதற்குத் தடையில்லை. இரண்டாவது, பெயர். சந்தையில் உங்களுக்குள்ள பெயரும் சொந்தக் கடையின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பொருளைப் பெற்று மகிழ்ந்தவர் அப்பெயரைத் தாமே தேடி வருவார். அவர் வருவதைத் தடுக்கும் விதி எங்கும் இல்லை. மூன்றாவது, பார்சல். ஈரம் புகாத உறையும், மடங்காத அட்டையும், சொன்ன நாளில் சென்று சேர்வதும், விற்பவரைப் பற்றி எந்தத் துண்டறிக்கையும் சொல்லாததைச் சொல்லும். பார்சலுக்குள் விளம்பரத் தாளோ விலைப் பட்டியலோ வைக்கலாமா என்பது அந்தந்தச் சந்தையின் விதியைப் படித்து முடிவு செய்ய வேண்டியது. பொருள் அனுப்புவதற்காகப் பெற்ற முகவரிக்கு, அவர் இசைவின்றி விளம்பரம் அனுப்புவது மட்டும் எந்நாளும் கூடாது.

'செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. விலை போவது பொருளின் சிறப்பாலா, விற்பவரின் மதிப்பாலா என்னும் கேள்வி அதில் இருக்கிறது. பொருளியலறிஞர்களும் இதே கேள்வியைக் கேட்டனர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்பவர் 1970ஆம் ஆண்டில், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் ஆபத்தை விளக்கினார். பொருளின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாப் பொருளையும் ஐயத்தோடு நோக்கிக் குறைந்த விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்க மனமின்றி நல்லவர்கள் விலகுவர். சந்தையில் தாழ்ந்த பொருளே மிஞ்சும். நேரில் தொட்டுப் பார்க்க இயலாத இணையச் சந்தையில் இவ்வாபத்து இன்னும் பெரிது.

இதற்கு மருந்தாகவே 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓமிட்யார் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாரும் காண மதிப்புரை எழுதலாம் என்பது அது. அந்த மதிப்புரைகளின் தொகையே விற்பவரின் முகமாயிற்று. அதற்கு விலை உண்டா என்று அறிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். பழைய அஞ்சலட்டைகளை விற்று நற்பெயர் பெற்ற ஒரு வணிகர், ஒத்த தன்மையுடைய அட்டைகளைச் சில நேரம் தம் பெயரிலும், சில நேரம் எவரும் அறியாத புதுப்பெயர்களிலும் ஏலம் விட்டார். நற்பெயருக்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு கூடுதலாகத் தர முன்வந்தனர். இவ்வாய்வு 2006இல் வெளிவந்தது. அட்டைகள் ஒத்தவை, விற்பவரும் ஒருவரே, பெயர் ஒன்றே வேறு. நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல் வழங்குவதன் பொருத்தத்தை இங்கு உணரலாம்.

நாணயம் தவறியவரின் கதை ஒன்றையும் கூற வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஈபேயில் ஓர் ஓவியம் 25 சென்ட் தொடக்க விலையில் ஏலத்திற்கு வந்தது. அதன் மதிப்பை அறியாதவர்போல விற்பவர் எழுதியிருந்தார். ஆனால் ரிச்சர்ட் டீபென்கார்ன் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் பெயரெழுத்துகள் அதில் காணப்பட்டன. பெரும் புதையல் கிடைத்ததென்று எண்ணிப் பலர் போட்டியிட, விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்பவரே வேறு பெயரில் தம் பொருளைக் கேட்டிருந்தது பிறகு தெரியவந்தது. ஈபே அந்த ஏலத்தைச் செல்லாததாக்கியது. ஓவியமும் போலி. அவரும் ஒரு கூட்டாளியும் 2001இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தாமே கேட்டோ, நண்பரைக் கேட்கச் செய்தோ விலையை ஏற்றுவது விளையாட்டன்று, அது குற்றம். கூட்டத்தைக் காட்டிக் கடையைப் பெரிதாகக் காட்டலாம் என்று நினைக்கும் இளைஞர் இதை மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், 'சந்தையே இவ்வளவு வசதியானால் சொந்தக் கடை எதற்கு?' என்று ஒருவர் வினவலாம். அதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. பாசி டாட் காம் என்னும் இந்திய ஏலத் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அதுவே பின்னர் ஈபே இந்தியா ஆயிற்று. 2017இல் அது ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூடப்பட்டது. அத்தளத்தில் விற்பவர்கள் அமைத்திருந்த கடை முகப்புகளும் அதனோடு மறைந்தன. அவர்கள் பிழை செய்தவர்கள் அல்லர்; நிலம் பிறருடையது, அவ்வளவே. சந்தைக்காரர் கட்டணத்தை உயர்த்தலாம், விதியை மாற்றலாம், சந்தையையே கலைத்துவிடலாம். அந்நாளில் தம் பெயரை அறிந்த வாடிக்கையாளரும், அவர்கள் வந்து சேரச் சொந்தமாக ஒரு வாசலும் உள்ளவர் நிலைகுலைய மாட்டார். சந்தையில் மட்டும் வாழ்ந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் ஒருவர் சிறு தொழில் தொடங்கினால், ஏலச் சந்தைக்குத் தயங்காமல் செல்லுங்கள். அதற்குரிய கட்டணத்தைக் குறையாமல் செலுத்துங்கள். அதன் விதிகளைப் படித்து நடவுங்கள். உங்கள் அரிய பொருளை அங்கே காட்டுங்கள். அதன் குறையையும் சேர்த்துக் காட்டுங்கள். அதே வேளையில் உங்கள் சொந்தக் கடையைச் சிறிதாயினும் திறந்தே வைத்திருங்கள். அட்டையொன்றை வாங்கியவர், சில திங்கள் கழித்து, எவரும் அழைக்காமலே உங்கள் பெயரைத் தேடிக்கொண்டு அந்த வாசலுக்கு வருவாரானால், நீங்கள் செய்த விளம்பரம் பலித்தது என்று கொள்ளலாம்.